கணினிக்குள் ஒரு மார்பகம்: பரிசோதனைக்கு வராத பெண்ணை யார் கணக்கில் எடுப்பது?

எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, தெரணியகல பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை தேயிலை மலைகளில் காலைப் பிரட்டுக்குப் போய் நின்றால்தான் அன்றைக்குப் பேர். கிளினிக்குக்குப் போகிற நாளில் பேர் விழாது. அரைநாளில் திரும்பிவந்தால் கிடைப்பது அரைப்பேர்தான். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலி இல்லாத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடுவதா என்று யோசித்துத் தள்ளிப்போடும் பெண்களை இந்தத் தோட்டங்களில் தேடி அலைய வேண்டியதில்லை.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். உலகிலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. ஆகவே கண்டுபிடிக்கும் இயந்திரங்களை மேம்படுத்துவதில் உலகம் பெரும் பணத்தைச் செலவிடுகிறது. அந்த முயற்சியில் இப்போது ஒரு புதிய கட்டம் வந்திருக்கிறது: உண்மையான பெண்களுக்குப் பதிலாக, கணினிக்குள்ளேயே மார்பகங்களை உருவாக்கி, அவற்றைக் கணினிக்குள்ளேயே படம்பிடித்து, இயந்திரங்களைப் பரீட்சித்துப் பார்ப்பது.

இது எப்படி நடக்கிறது, எதற்காக நடக்கிறது, சப்ரகமுவ தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மமோகிராம் எதைப் பார்க்கிறது?

மமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கிடையில் மார்பகத்தை வைத்து அழுத்தி, குறைந்த சக்தி கொண்ட எக்ஸ்ரே கதிரை அதனூடாகச் செலுத்துவார்கள். கொழுப்புக் கதிரை இலகுவில் விட்டுவிடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் நார்த்தசையும் கதிரைத் தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும்.

கொழுப்பு அதிகமுள்ள மார்பகத்தில், கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடிப்பது சுலபம். சுரப்பி அதிகமுள்ள மார்பகத்தில், அடர்ந்த மூடுபனிக்குள் வெள்ளைச் சேலை கட்டி நிற்பவரைத் தேடுவதைப் போல் கஷ்டம். இதனை மார்பக அடர்த்தி என்கிறார்கள். வைத்தியர்கள் அடர்த்தியை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். இளவயதில் அடர்த்தி கூடுதலாகவும் வயது போகப்போகக் குறைவாகவும் இருக்கும். வெள்ளையினப் பெண்களுடன் ஒப்பிடும்போது ஆசியப் பெண்களின் மார்பகங்கள் பொதுவாக அடர்த்தி கூடியவையாகவும் அளவில் சிறியவையாகவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் முப்பரிமாண மமோகிராம். எக்ஸ்ரே குழாய் ஒரு வில்லைப் போல் வளைந்து நகர்ந்தபடி பல கோணங்களில் படமெடுக்கும். அவற்றை வைத்துக் கணினி மார்பகத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். ஒரு அடுக்கில் மறைந்த கட்டி இன்னொரு அடுக்கில் வெளிப்படலாம். இத்தகைய இயந்திரம் ஒன்றுக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முதலில் 2011ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது.

ஏன் கணினி மார்பகம்?

புதிய இயந்திரம் பழையதைவிட நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழமையான முறை, நூற்றுக்கணக்கான பெண்களை இரண்டு இயந்திரங்களாலும் படமெடுத்து, பல வைத்தியர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்வது. இதற்கு ஆண்டுக்கணக்கில் காலமும் பெருந்தொகைப் பணமும் தேவை. பங்கேற்கும் பெண்கள் ஒவ்வொருவரும் மேலதிகக் கதிரை உடலில் வாங்க வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொரு இடைஞ்சல் உண்டு. உயிருள்ள பெண்ணின் மார்பகத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் முழுமையாகத் தெரியாது. படத்தில் எதுவும் தெரியாவிட்டால் கட்டி இல்லையா அல்லது இயந்திரம் தவறவிட்டதா என்று உடனே சொல்லிவிட முடியாது.

கணினி மார்பகத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. கட்டியை எங்கே வைத்தோம், எவ்வளவு பெரிதாக வைத்தோம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஒரே மார்பகத்தை நூறு விதமாகப் படமெடுக்கலாம். கதிரால் யாருக்கும் பாதிப்பில்லை.

எப்படிக் கட்டுகிறார்கள்?

இத்துறையில் பென்சில்வேனியா, டியூக் போன்ற பல்கலைக்கழகங்கள் நீண்டகாலமாக வேலை செய்து வருகின்றன. அதிகம் பேசப்பட்டது, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் அல்டோ படானோ தலைமையில் நடத்திய ‘விக்ட்ரே’ என்ற மெய்நிகர்ப் பரிசோதனை. அதன் வேலைகளை ஐந்து படிகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, மார்பகத்தை வளர்ப்பது. கிறிஸ்டியன் கிராஃப் என்ற ஆய்வாளர் எழுதிய நிரல், முதலில் மார்பகத்தின் வெளிவடிவத்தை வரைகிறது. தோல், கொழுப்பு, சுரப்பி மடல்கள், முலைக்காம்பிலிருந்து மரக்கிளை போல் பிரிந்து செல்லும் பால் குழாய்கள், தாங்கிப்பிடிக்கும் நார்கள், இரத்தக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாக உள்ளே நிரப்புகிறது. எல்லாமே மிகச் சிறிய கனசதுரங்களால் ஆனவை. ஒரு கனசதுரத்தின் பக்கம் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. கிளைகள் எங்கே பிரிய வேண்டும் என்பதை நிரல் எழுந்தமானமாகத் தீர்மானிப்பதால், ஒவ்வொரு முறையும் வேறொரு மார்பகம் பிறக்கிறது.

இரண்டாவது, அழுத்துவது. மமோகிராம் தட்டுகளுக்கிடையில் மார்பகம் எப்படிச் சப்பையாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். பாலங்களும் கட்டடங்களும் பாரத்தைத் தாங்குமா என்று பொறியியலாளர்கள் கணக்குப் பார்க்கும் அதே முறையை இங்கே பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, நோயை வைப்பது. மமோகிராம் தட்டுகளுக்கிடையில் மார்பகம் எப்படிச் சப்பையாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். பாலங்களும் கட்டடங்களும் பாரத்தைத் தாங்குமா என்று பொறியியலாளர்கள் கணக்குப் பார்க்கும் அதே முறையை இங்கே பயன்படுத்துகிறார்கள்.

நான்காவது, படமெடுப்பது. எக்ஸ்ரே கதிரின் ஒவ்வொரு துகளும் எங்கே தடுக்கப்படும், எங்கே சிதறும் என்பதைச் சூதாட்டப் பகடை உருட்டுவது போல் நிகழ்தகவுப்படி தீர்மானித்து, கோடிக்கணக்கான துகள்களைப் பின்தொடர்கிறார்கள். புகழ்பெற்ற சூதாட்ட விடுதியின் பெயரால் மொன்டே கார்லோ முறை என்று இதனை அழைப்பார்கள். 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுகூடமான லொஸ் அலமொஸில் உருவான கணக்கு முறை இது. இன்று இதை விரைவாகச் செய்ய உதவுவது, கணினி விளையாட்டுகளுக்காகத் தயாரிக்கப்பட்ட கிராஃபிக்ஸ் அட்டைகள்.

ஐந்தாவது, வாசிப்பது. படங்களைப் பார்த்துக் கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்வதும் இங்கே ஒரு கணினி நிரல்தான்.

2,986 பெண்கள்

இவ்வாறு 2,986 கணினிப் பெண்களை உருவாக்கி, சாதாரண மமோகிராமையும் முப்பரிமாண மமோகிராமையும் ஒப்பிட்டார்கள். அழுத்திய பின் மார்பகங்களின் தடிப்பு 3.5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை இருந்தது. ஏற்கெனவே 400 உண்மையான பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையின் முடிவு கையில் இருந்தது. கணினிப் பெண்களும் அதே முடிவைத் தருவார்களா என்பதே கேள்வி.

2018 நவம்பரில் முடிவு வெளியானது. எல்லா அளவுகளிலும் எல்லா அடர்த்திகளிலும் முப்பரிமாண மமோகிராமே சிறப்பாகச் செயற்பட்டிருந்தது. சுண்ணாம்புப் படிவுகளைவிடக் கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் அதன் நன்மை கூடுதலாக இருந்தது. உண்மையான பரிசோதனையின் முடிவோடு இது ஒத்துப்போனது. பயன்படுத்திய நிரல்கள் அனைத்தையும் ஆய்வாளர்கள் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

இதற்கு எல்லைகளும் உண்டு. வாசித்த நிரலுக்குக் கட்டி இருக்கக்கூடிய இடம் முன்கூட்டியே தெரியும். உண்மையான வைத்தியர் முழுப் படத்தையும் தேட வேண்டும். வைத்தது இரண்டு வகை நோய் அடையாளங்களைத்தான். ஆகவே, இரண்டு இயந்திரங்களில் எது மேல் என்று சொல்ல இது உதவும். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் நோயைக் கண்டுபிடிக்க உதவாது.

ஆனாலும் பயன் விரிந்துகொண்டே போகிறது. 2023இல் இதே நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், மமோகிராம் படங்களை வாசிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பரீட்சிப்பதற்காகக் கணினி மார்பகப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அடர்த்தி கூடும்போது மென்பொருள் எந்தளவுக்குத் தடுமாறுகிறது என்பதை அதில் அளந்து பார்க்கலாம். மருத்துவ உபகரணங்களுக்கு அனுமதி கேட்கும்போது கணினி மாதிரிகளை எந்தளவு நம்பலாம் என்பதற்கான வழிகாட்டலையும் அந்த நிர்வாகம் அதே ஆண்டில் இறுதிப்படுத்தியது. அதாவது, நாளை எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வரப்போகும் இயந்திரங்களும் மென்பொருள்களும் இந்தக் கணினிப் பெண்களின் மேல் பரீட்சிக்கப்பட்டவையாக இருக்கக்கூடும்.

அந்தக் கணினிப் பெண்கள் யாரைப் போன்றவர்கள்?

கணினி உடல் ஒன்றும் வெறுமையிலிருந்து வருவதில்லை. 1995இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ஒரு பெண்ணின் முழு உடலையும் மிக மெல்லிய சீவல்களாகப் படம்பிடித்து வெளியிட்டது. அவர் மேரிலாந்தைச் சேர்ந்த 59 வயதுப் பெண். பல ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவக் கணினி மாதிரிகளுக்கு அந்த ஒரு உடலே அடிப்படைகளில் ஒன்றாக இருந்தது. எங்கள் மக்களின் உடல் வேறு என்று சொல்லிக் கொரியாவும் சீனாவும் 2000களின் தொடக்கத்தில் தங்களுடைய தொகுப்புகளைத் தாங்களே உருவாக்கின.

விக்ட்ரே மார்பகங்கள் ஒரு தனிப் பெண்ணின் பிரதி அல்ல. ஆனால் எத்தனை பேர் அடர்த்தி கூடியவர்கள், எத்தனை பேர் குறைந்தவர்கள் என்ற விகிதத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அவர்கள் எடுத்தது, மார்பகப் பரிசோதனைக்கு வரும் பெண்களின் விகிதத்தை. அமெரிக்காவில் அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிக அடர்த்தியான வகையைச் சேர்ந்தவர்.

இங்கேதான் தோட்டத்துப் பெண்ணின் கேள்வி எழுகிறது. பரிசோதனைக்கு வருபவர்களின் படங்களிலிருந்துதான் விகிதம் பிறக்கிறது. படமே எடுக்கப்படாத பெண்ணின் உடல் எந்த விகிதத்திலும் சேராது. இலங்கையில் எல்லாப் பெண்களுக்குமான தேசிய மமோகிராம் திட்டம் இல்லை. இருக்கும் இயந்திரங்கள் பெரிய வைத்தியசாலைகளிலும் தனியார் நிலையங்களிலும் உள்ளன. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு கடிதம், இரண்டு மூன்று பஸ், ஒரு நாள் சம்பளம், சிங்களத்தில் பேசத் தெரிந்த ஒரு துணை எல்லாம் வேண்டும். வாக்காளர் இடாப்பிலும் குடியுரிமைப் பதிவிலும் பல தசாப்தங்கள் விடுபட்டிருந்த சமூகம் ஒன்று மருத்துவத் தரவிலும் விடுபடுவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பதிவு நடக்கும் இடத்துக்குப் போகும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இரத்தினபுரியிலிருந்து வன்னிக்குப் போனவர்கள்

இந்தச் செய்தி வடக்கு, கிழக்கு வாசகர்களுக்குத் தூரத்து விடயமாகத் தோன்றலாம். அப்படி அல்ல. 1977 வன்முறையிலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை பகுதிகளில் நடந்த தாக்குதல்களிலும், 1983லும் லயங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. 1976இல் தொடங்கப்பட்ட காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்குக் காணியும் தொழிலும் தேடிக்கொடுத்தது. அந்தக் குடும்பங்களே 2009 வரை போரின் நடுவிலும் அகப்பட்டன. சப்ரகமுவவில் தங்கிவிட்ட அக்காளுக்கும் வன்னியில் வாழும் தங்கைக்கும் நோய் ஒன்றாக இருக்கலாம். உடலில் உள்ள வரலாறு வேறு.

வன்னிப் பெண்கள் பலரின் உடலில் இன்றும் செல் துண்டுகள் உண்டு. கணினி மார்பகத்தில் செல் துண்டு இல்லை, காயத் தழும்பும் இல்லை. ஆனால் உண்மையான படத்தில் இவை முக்கியம். உலோகத் துண்டு எக்ஸ்ரேயில் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும். அதன் பின்னால் உள்ளதை மறைக்கலாம். அடிபட்ட இடத்தில் கொழுப்புத் திசு இறந்து கட்டியாகி, சுண்ணாம்பு படிந்து, படத்தில் புற்றுநோயைப் போலவே தோற்றமளிக்கலாம். அதனால் மார்பிலோ தோளிலோ காயம்பட்ட பெண், படமெடுப்பதற்கு முன்னர் அதைச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை உடலுக்குள் நகர்த்தவோ சூடாக்கவோ கூடும். மமோகிராமில் காந்தம் இல்லை; அந்த ஆபத்தும் இல்லை.

இயந்திரம் இல்லாத இடத்தில் கை

மமோகிராம் இல்லாவிட்டால் வேறு வழியே இல்லையா? மும்பையின் டாட்டா நினைவு வைத்தியசாலை 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மும்பைச் சேரிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். இயந்திரம் எதுவும் இல்லை.

இருபது ஆண்டு முடிவுகள் 2021இல் வெளியாகின. கையால் பரிசோதிக்கப்பட்டவர்களில் நோய் முற்றாத கட்டத்திலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50 வயதுக்குக் குறைந்தவர்களில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கையில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். சிங்களத்தில் இதனை ‘சுவ நாரி’ என்பார்கள். குறிப்பாக 35, 45 வயதுப் பெண்களை அழைக்கிறார்கள். தோட்டத்தில் இல்லாமல் இருப்பது பெரும்பாலும் இந்தக் கிளினிக்குக்குப் போவதற்கான நேரமும் சம்பளமும்தான். கிளினிக் நாளில் முழுப்பேர் போடுவது என்ற ஒரு சிறிய முடிவை தோட்ட நிர்வாகங்கள் எடுத்தால், எந்த இயந்திரமும் வாங்காமலே நிலைமை மாறும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

தோட்டத்துப் பெண்கள் தெரிந்திருக்க வேண்டியவை

20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை மார்பகத்தைத் தாங்களே தடவிப் பார்ப்பது நல்லது. மாதவிடாய் தொடங்கி ஒரு வாரம் கழித்துப் பார்ப்பது வசதியானது. மாதவிடாய் நின்றவர்கள் ஏதாவது ஒரு திகதியை வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை: வலியில்லாத கட்டி, அக்குளில் கட்டி, தோல் குழிவிழுதல், தோடம்பழத் தோல் போல் தடித்தல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஒரு மார்பகத்தின் வடிவம் மட்டும் மாறுதல். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

முதலில் பகுதி மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம். அங்கிருந்து இரத்தினபுரி, கேகாலை வைத்தியசாலைகளுக்குக் கடிதம் தருவார்கள். சிகிச்சைக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. வடக்கில் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்தது அது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் மார்பக அடர்த்தி எந்த வகை? மமோகிராமில் ஒன்றும் தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தேவையா? அடுத்த முறை எப்போது வர வேண்டும்? பழைய படங்களையும் கடிதங்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இந்த வருடப் படத்தைப் போன வருடப் படத்தோடு ஒப்பிடுவதில்தான் பல கட்டிகள் பிடிபடுகின்றன.

இனி என்ன?

உலக சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை முன்வைத்துள்ளது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டங்களிலேயே கண்டறியப்பட வேண்டும். வைத்தியரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். 80 சதவீதமானோர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இந்த மூன்றையும் கணினி மார்பகம் நேரடியாகச் செய்து தராது.

ஆனால் அதன் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் இருக்கிறது. இந்த மாவட்டங்களின் பெண்களிடம் உரிய சம்மதம் பெற்று, பெயரை நீக்கி, மார்பகத் தடிப்பையும் அடர்த்தியையும் மாத்திரம் சேகரித்தாலே எங்கள் பெண்களைப் போன்ற கணினி மார்பகங்களை உருவாக்கலாம். அரசாங்கம் ஒரு இயந்திரத்தையோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளையோ வாங்குவதற்கு முன், அது இவர்களுக்கு எப்படி வேலை செய்யும் என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

அதற்கு முதலில் அந்தப் பெண் பரிசோதனைக்கு வந்து சேர வேண்டும். அந்த நாளுக்கு அவருக்கு முழுப்பேர் விழ வேண்டும்.